கல்லூரி மகளிர் மென்பந்து அணியின் பயிற்சிக் குழு: ஒரு வரலாறு

சாஃப்ட்பால் என்று பரவலாக அறியப்படும் மென்பந்தாட்டத்தில், ஒரு கல்லூரியின் மகளிர் அணியைத் தேர்ந்தெடுத்து, பழக்கி, போட்டிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்புடையவர்களின் கூட்டம் பயிற்சிக் குழு எனப்படுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இக்குழு ஒரு தலைமைப் பயிற்சியாளரையும் மூன்று உதவிப் பயிற்சியாளர்களையும் கொண்டது. தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் அந்த நால்வரின் பணியையும் உடற்கல்வி இயக்குநர் என்னும் ஒருவரே செய்கிறார். இவ்விரு அமைப்புகளுக்கும் வேர் ஒன்றே. பெண்கள் விளையாட்டை முதலில் வளர்த்தவர்கள் உடற்கல்வி ஆசிரியைகள். பின்னர் அப்பணிக்கு ஊதியமும் மதிப்பும் வந்தபோது அது யார் கைக்குப் போனது என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி.

ஆட்டமும் பயிற்சியாளரின் இடமும்

மென்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஒன்பது பேர் களத்தில் நிற்பர். ஆட்டம் ஏழு இன்னிங்ஸ் நீடிக்கும். தளங்களுக்கு இடையிலான தூரம் 60 அடி. பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பிட்சர் எனப்படும் பந்தெறிபவர் கையை இடுப்புக்குக் கீழிருந்து சுழற்றி எறிய வேண்டும். அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஆட்டத்தில் அவர் நிற்கும் இடத்துக்கும் வீட்டுத் தளத்துக்கும் இடையே 43 அடி. நல்ல பிட்சர் எறியும் பந்து அத்தூரத்தை அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். மட்டையாளர் பந்தின் போக்கைக் கணித்து மட்டையை வீசுவதற்கு அவ்வளவே நேரம்.

இந்தக் குறுகிய நேரம்தான் இந்த ஆட்டத்தில் பயிற்சிப் பணியைப் பலவாகப் பிரித்தது. பிட்சரின் தோள், மணிக்கட்டு, கால் எடுப்பு ஆகியவற்றைத் தனியே கவனிக்க ஒருவர் வேண்டும். மட்டை வீச்சைச் சரிசெய்ய இன்னொருவர் வேண்டும். தடுப்பாட்டத்தையும் தள ஓட்டத்தையும் பழக்க மூன்றாமவர் வேண்டும். பந்து பிட்சரின் கையைவிட்டு நீங்கும்வரை ஓட்டக்காரர் தளத்தை விட்டு நகரக் கூடாது என்பது விதி. ஆகவே எப்போது புறப்படுவது, எப்போது நிற்பது என்பதைத் துல்லியமாகப் பழக வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தின் நடுவிலும் பயிற்சியாளருக்கு இடம் உண்டு. முதல் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் அருகே வரையப்பட்ட கட்டங்களில், மட்டை பிடிக்கும் அணியின் சார்பில் இருவர் நிற்கலாம். மூன்றாம் தளத்தருகே நிற்பவர் தொப்பியையும் தோளையும் காதையும் தொட்டுக் காட்டும் சைகைகளில் அணியின் திட்டம் அடங்கியிருக்கும். ஓடிவரும் வீராங்கனையை நிறுத்துவதும் வீட்டுத் தளத்துக்கு அனுப்புவதும் அவர் முடிவு. கிரிக்கெட்டில் ஆட்டம் தொடங்கியதும் பயிற்சியாளர் எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்விடுகிறார். மென்பந்தில் அவர் களத்தின் ஓரத்திலேயே நின்று ஒவ்வொரு பந்துக்கும் முடிவெடுக்கிறார்.

ஆட்டத்தின் தோற்றம்

1887ஆம் ஆண்டு நவம்பரில் சிகாகோவின் ஃபாரகட் படகுக் கழகத்தில் இந்த ஆட்டம் பிறந்தது. ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியின் முடிவுக்காகக் காத்திருந்த இளைஞர்கள், குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிக் கோலால் அடித்து விளையாடினர். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அதற்கு விதிகளை வகுத்தார். குளிர்காலத்தில் கூரைக்கடியில் ஆடும் பேஸ்பாலாகத் தொடங்கியது விரைவில் வெளியே வந்தது. 1926இல் டென்வர் நகரின் ஒய்.எம்.சி.ஏ. அலுவலரான வால்டர் ஹாகன்சன் ‘சாஃப்ட்பால்’ என்ற பெயரை முன்மொழிந்தார். 1933இல் சிகாகோ உலகப் பொருட்காட்சியை ஒட்டி நடந்த போட்டியில் மகளிர் பிரிவும் இடம்பெற்றது. அதன்பின் அமெரிக்காவின் தொழிற்சாலைகளும் ஊர்க்கழகங்களும் மகளிர் அணிகளை நடத்தின.

கழக ஆட்டத்தின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவர் ஜோன் ஜாய்ஸ். ரேபெஸ்டாஸ் பிரேக்கெட்ஸ் என்ற தொழிற்சாலை அணிக்காக ஆடிய அவர், பேஸ்பால் மேதை டெட் வில்லியம்ஸைக் காட்சி ஆட்டத்தில் திணறவைத்தவர். பிற்காலத்தில் ஃபுளோரிடா அட்லான்டிக் பல்கலைக்கழகத்தில் மென்பந்து அணியை முதலிலிருந்து உருவாக்கிய பயிற்சியாளரானார். 2022இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். அதே பல்கலைக்கழகத்தில் கோல்ஃப் அணிக்கும் பயிற்சியளித்தார். ஒருவரே பல அணிகளைத் தாங்கும் நிலை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அவர் சான்று.

ஆசிரியைகளின் காலம்

அமெரிக்கக் கல்லூரிகளில் மகளிர் விளையாட்டைத் தொடக்கத்தில் நடத்தியவர்கள் உடற்கல்வித் துறையின் ஆசிரியைகள். பகலில் வகுப்பெடுத்துவிட்டு மாலையில் அணியைப் பழக்கினர். அதற்குத் தனி ஊதியம் பெரும்பாலும் இல்லை. 1969இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் முதல் மகளிர் கல்லூரி உலகத் தொடர் நடந்தது. முதல் மூன்று ஆண்டுகளும் ஜான் எஃப். கென்னடி கல்லூரி என்ற சிறிய கல்லூரி வென்றது. அடுத்த இரண்டு ஆண்டுகள், அதாவது 1972, 1973 ஆகியவற்றில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் வென்றது. அதன் பயிற்சியாளர் மேரி லிட்டில்வுட், அங்கேயே உடற்கல்வி கற்பித்தவர். பின்னாளில் மகளிர் மென்பந்தின் வரலாற்றை நூலாக எழுதியவரும் அவரே.

1971இல் இந்த ஆசிரியைகள் மகளிருக்கான கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட அச்சங்கம், ஆண்கள் விளையாட்டின் வணிகப் போக்கைப் பின்பற்றாமல் படிப்பை முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்று கருதியது. தொடக்கத்தில் விளையாட்டுக்கான உதவித்தொகையையும் அது ஏற்கவில்லை. விதிகளை வகுத்தவர்கள், போட்டிகளை நடத்தியவர்கள், அணிகளைப் பழக்கியவர்கள் ஆகியோரில் மிகப் பெரும்பாலோர் பெண்களே.

சட்டம் தந்ததும் கொண்டுபோனதும்

1972 ஜூன் 23 அன்று அமெரிக்கக் கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு கையெழுத்தானது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனம் எதுவும் பால் அடிப்படையில் எவரையும் ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற சொல் அதன் மூல வாசகத்தில் இல்லை. ஆனால் மிகப் பெரிய மாற்றம் நிகழ்ந்த இடங்களில் விளையாட்டுத் திடலும் ஒன்று. மகளிர் அணிகள் பெருகின. களம், சீருடை, பயணச் செலவு, உதவித்தொகை ஆகியவை வந்தன. பயிற்சியாளர் பணி முழுநேர ஊதியமுள்ள வேலையாக மாறியது.

சட்டத்தின் பயன் தானாக வந்துவிடவில்லை. கரோல் ஹட்சின்ஸ் என்ற மாணவி மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியிலும் மென்பந்து அணியிலும் ஆடியவர். 1976இல் தேசியப் பட்டம் வென்ற மென்பந்து அணியில் இருந்தவர். ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் இடையே வசதிகளில் இருந்த வேறுபாட்டை எதிர்த்து, 1979இல் சக வீராங்கனைகளுடன் சேர்ந்து தம் பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மென்பந்துப் பயிற்சியாளராக 1985 முதல் 2022 வரை பணியாற்றினார். 2005இல் தேசியப் பட்டம் வென்றார். 1,707 வெற்றிகளுடன் ஓய்வு பெற்றார்.

இதற்கிடையே ஆண்கள் விளையாட்டை நடத்திவந்த என்.சி.ஏ.ஏ. அமைப்பு மகளிர் போட்டிகளையும் தொடங்கியது. 1982இல் இரு அமைப்புகளும் தனித்தனியே மென்பந்து வாகையர் போட்டி நடத்தின. என்.சி.ஏ.ஏ. பட்டத்தைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகமும், ஏ.ஐ.ஏ.டபிள்யூ. பட்டத்தை டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் வென்றன. அத்துடன் ஆசிரியைகளின் சங்கம் மறைந்தது.

எதிர்பாராத விளைவு ஒன்று பயிற்சியாளர் பணியில் தெரிந்தது. வீவியன் அகோஸ்டா, லிண்டா கார்ப்பென்டர் என்னும் இரு பேராசிரியைகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தனர். எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், 1972இல் அமெரிக்கக் கல்லூரி மகளிர் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றின் தலைமைப் பயிற்சியாளர்கள் பெண்கள். 1978இல் அது 58 விழுக்காடாகக் குறைந்தது. 2014இல் சுமார் 43 விழுக்காடு. விளையாடும் பெண்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடிய அதே காலத்தில், அவர்களைப் பழக்கும் பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது.

இதற்குக் காரணங்கள் பல. ஆண்கள் துறையும் பெண்கள் துறையும் இணைக்கப்பட்டபோது, இணைந்த துறைக்குத் தலைவரானவர் பெரும்பாலும் ஆண். பணியமர்த்தும் அதிகாரம் அவரிடம் போனது. ஊதியம் உயர்ந்ததும், முன்பு மகளிர் அணியைத் திரும்பிப் பார்க்காத ஆண்களும் விண்ணப்பித்தனர். வகுப்பும் அணியும் சேர்த்துக் கவனித்துவந்த ஆசிரியைகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வார இறுதிகளை எல்லாம் பயணத்தில் கழிக்கச் செய்யும் வேலை, குழந்தை வளர்ப்புப் பொறுப்பு முழுவதும் பெண்ணின் மீதிருந்த வீடுகளுக்குப் பொருந்தவில்லை.

ஆண் பயிற்சியாளர்களின் திறமையை இக்கணக்கு மறுக்கவில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தின் மைக் கேன்ட்ரியா எட்டுத் தேசியப் பட்டங்கள் வென்றவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க மகளிர் அணி தங்கம் வென்றபோது தலைமைப் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. கேள்வி வேறு. ஆண் ஒருவர் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் பயிற்சியாளராகலாம். பெண்ணுக்கோ ஆண்கள் அணியின் கதவு ஏறத்தாழ மூடியே இருக்கிறது. மகளிர் அணியிலும் பங்கு குறைந்தால், ஆடி முடித்த வீராங்கனை தன் அறிவைக் கொண்டு எங்கே போவாள் என்பதே அந்தக் கேள்வி.

உதவிப் பயிற்சியாளர் என்னும் படிக்கட்டு

இக்கேள்விக்கு மென்பந்து ஒரு விடை வைத்திருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தின் அணியை 1975 முதல் வளர்த்தவர் ஷரன் பேக்கஸ். அவரிடம் வீராங்கனையாக இருந்த சூ என்க்விஸ்ட், 1980இல் உதவிப் பயிற்சியாளரானார். 1989 முதல் இருவரும் இணைத் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்தனர். பேக்கஸ் விலகியபின் என்க்விஸ்ட் 2006 வரை அணியை நடத்தினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கெல்லி இனோயே-பெரஸ், அதே அணியில் கேட்சராக ஆடி, உதவிப் பயிற்சியாளராக இருந்து மேலே வந்தவர். 2010, 2019 ஆகிய ஆண்டுகளில் அவர் அணி பட்டம் வென்றது. ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற லிசா ஃபெர்னாண்டஸ் அங்கே உதவிப் பயிற்சியாளராகப் பணியாற்றினார்.

மிச்சிகனில் ஹட்சின்ஸுக்குப் பின் வந்த பானி தால், அவரிடம் ஆடியவர். அவருக்கு உதவியாளராகக் கால் நூற்றாண்டுக்கும் மேல் இருந்தவர். அரிசோனாவில் கேன்ட்ரியா 2021இல் ஓய்வு பெற்றபோது, அவர் பழக்கிய வீராங்கனையும் உதவிப் பயிற்சியாளருமான கெய்ட்லின் லோ அவ்விடத்துக்கு வந்தார். ஆக, தலைமைப் பயிற்சியாளர் ஆணா பெண்ணா என்பதோடு, அவருக்குக் கீழே கற்றுக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறதா என்பதும் முக்கியமானது. குருவிடம் பல ஆண்டுகள் இருந்து தொழில் பழகும் முறை நாதசுரத்துக்கும் சிற்பத்துக்கும் மட்டும் உரியதன்று.

அந்தப் படிக்கட்டிலும் ஒரு குறை இருந்தது. என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் நெடுங்காலம் ஒரு தலைமைப் பயிற்சியாளருக்கும் இரண்டு உதவிப் பயிற்சியாளர்களுக்கும் மட்டுமே ஊதியம் தரலாம். நான்காமவர் ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்ற பெயரில், மற்றவர்களைப் போலவே உழைத்தும் சம்பளமின்றி இருந்தார். வீட்டில் வசதி உள்ளவரோ வேறு வேலை வைத்திருப்பவரோதான் அந்த முதல் படியில் நிற்க முடிந்தது. 2023 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டு, மூன்று உதவிப் பயிற்சியாளர்களுக்கும் ஊதியம் தர வழி ஏற்பட்டது.

அண்மைக் காலத்தில் மிகப் புகழ்பெற்ற பயிற்சிக் குழு ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தினுடையது. 1995 முதல் அதன் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் பேட்டி காசோவின் அணி 2000, 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளிலும், 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகளும் பட்டம் வென்றது. பந்தெறிதலுக்கு ஜெனிஃபர் ரோச்சா, மட்டை வீச்சுக்கு ஜே.டி. காசோ எனப் பணி பகுக்கப்பட்டிருந்தது. ஒரு பயிற்சியாளரின் கண் நாள் முழுவதும் பிட்சரின் மணிக்கட்டிலேயே இருக்கலாம் என்பது அந்தப் பகுப்பு தரும் வசதி.

சென்னைக்கு வந்த வழி

இந்த விளையாட்டுக் கல்வி தமிழ்நாட்டுக்கு வந்த பாதை ஒய்.எம்.சி.ஏ. வழியானது. 1891இல் கூடைப்பந்தும் 1895இல் கைப்பந்தும் அமெரிக்காவில் அவ்வமைப்பின் ஆசிரியர்களால் உருவாக்கப்பட்டன. அதன் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக், சென்னைக்கு வந்து 1920இல் உடற்கல்விக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அது குறிப்பிடப்படுகிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்குப் பொறுப்பாளராக இருந்தவரும் பக்தான். பயிற்சியளிப்பது பழக்கத்தால் மட்டும் வருவதன்று, படித்துப் பெற வேண்டிய தொழில் என்ற எண்ணத்தை இக்கல்லூரி நிலைநாட்டியது. இங்குப் பயின்றவர்கள் தென்னிந்தியப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஆசிரியர்களாகச் சென்றனர். பெண்களும் பின்னர் சேர்க்கப்பட்டனர்.

மகளிர் கல்லூரிகளும் அதே காலத்தில் எழுந்தன. 1914இல் இராணி மேரி கல்லூரி, 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரி ஆகியவை சென்னையில் தொடங்கப்பட்டன. 1948இல் மதுரையில் கேட்டி வில்காக்ஸ் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். பெண்கள் மட்டுமே படிக்கும் கல்லூரியில் விளையாட்டுப் பொறுப்பும் பெண்ணிடமே இருக்க வேண்டும் என்பது வீட்டாரின் எதிர்பார்ப்பு. அந்தக் கட்டுப்பாடே உடற்கல்வி படித்த பெண்ணுக்கு ஒரு நிலையான வேலையையும் உருவாக்கியது. பள்ளியில் ‘பி.டி. டீச்சர்’ என்றும், கல்லூரியில் ‘பி.டி. மேடம்’ என்றும் மாணவியர் அழைக்கும் அவர், தமிழ்ப் பெண் ஒருத்தி முதன்முதலில் காணும் விளையாட்டுத் தலைவி.

இந்தியாவில் மென்பந்து

1961ஆம் ஆண்டு இந்திய மென்பந்துக்கு முக்கியமானது. அவ்வாண்டு ஜோத்பூரில் தேசிய மென்பந்துச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1973இல் நேதாஜி சுபாஷ் பெயர் சூட்டப்பட்ட அந்நிறுவனம், பயிற்சியாளர்களுக்குப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. உடற்கல்வி ஆசிரியருக்கும் விளையாட்டுப் பயிற்சியாளருக்கும் இடையே இந்தியாவில் கோடு கிழித்தது இதுவே. முன்னவர் பல விளையாட்டுகளை அறிந்தவர். பின்னவர் ஒரு விளையாட்டில் ஆழ்ந்தவர்.

பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதை இந்திய அரசு 1985இல் ஏற்படுத்தியது. முதல் ஆண்டில் அதைப் பெற்றவர்களில் பி.டி. உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரும் ஒருவர். ஒரு பெண்மணி இவ்விருதைப் பெற 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு தடகளப் பயிற்சியாளர் ரேணு கோலி பெற்றார். உஷா போன்ற வீராங்கனைகள் நாட்டின் பெருமையாகக் கொண்டாடப்பட்ட அந்தப் பதினேழு ஆண்டுகளில் அவர்களைப் பழக்கும் இடத்தில் பெண்கள் எவ்வளவு அரிதாக இருந்தனர் என்பதை இது காட்டுகிறது.

ஒருவரே குழுவாக: தமிழ்நாட்டுக் கல்லூரி

தமிழ்நாட்டில் விளையாட்டு வளர்ச்சிக்கான அரசு அமைப்பாகத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் உருவானது. உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2004இல் சட்டம் இயற்றப்பட்டது. திண்டுக்கல் பகுதியைப் பொறுத்தவரை, மகளிருக்கான அன்னை தெரசா பல்கலைக்கழகம் 1984இல் கொடைக்கானலில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. பழனியிலும் திண்டுக்கல் நகரிலும் மகளிர் கல்லூரிகள் உள்ளன. பழனி வட்டத்துக் கீரனூர் போன்ற பேரூராட்சியிலிருந்து கல்லூரிக்குப் பேருந்தேறும் மாணவிக்குப் பல்கலைக்கழக அணி வரைக்குமான பாதை இந்தக் கல்லூரிகளின் திடல்களில் தொடங்குகிறது. முதலில் கல்லூரி அணி, அடுத்துக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அங்கே தேர்வானால் பல்கலைக்கழக அணி, பிறகு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டி. மகளிர் மென்பந்து அப்போட்டிகளில் ஒன்று.

இப்பாதையின் வாயிலில் நிற்பவர் உடற்கல்வி இயக்குநர். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளில் அவருக்கு உதவிப் பேராசிரியருக்கு இணையான நிலை உண்டு. உடற்கல்வியில் முதுகலைப் பட்டமும், தகுதித் தேர்வில் வெற்றி அல்லது முனைவர் பட்டமும் வேண்டும். போட்டிகளில் பங்கேற்ற அனுபவமும் கேட்கப்படுகிறது. 2018ஆம் ஆண்டு விதிகளில் உடல்தகுதித் தேர்வும் உள்ளது. 30 வயது வரையிலான பெண் விண்ணப்பதாரர் 8 நிமிடங்களில் 1,000 மீட்டர் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். 40 வயது வரை 800 மீட்டர். கல்லூரியில் வேறு எந்தப் பாட ஆசிரியருக்கும் இத்தகைய தேர்வு கிடையாது.

பணியில் சேர்ந்தபின் அவர் முன் நிற்பது கபடி, கோ-கோ, கைப்பந்து, எறிபந்து, பூப்பந்து, தடகளம் என நீளும் பட்டியல். மென்பந்து அதில் ஒன்று. அமெரிக்கக் குழுவில் நால்வர் பகிர்ந்துகொள்ளும் வேலை இவருக்கு மாலை நேரத்தின் ஒரு பகுதி. களம் குறிப்பது, கையுறைகளை எண்ணி எடுத்துவைப்பது, பிட்சரைப் பழக்குவது, கேட்சரின் முகக்கவசம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, பயணத்துக்கு இரயில் சீட்டு எடுப்பது, செலவுக் கணக்கு எழுதுவது எல்லாம் அவருடையது. கபடிக்கும் கோ-கோவுக்கும் திடல் இருந்தால் போதும். மென்பந்துக்கோ களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் கையுறை வேண்டும். கேட்சருக்குத் தலை, மார்பு, முழங்கால் காப்புகள் வேண்டும். நிதியும் ஆளும் குறைந்த கல்லூரியில் முதலில் கைவிடப்படுவது இத்தகைய ஆட்டம்தான்.

இவருடைய பணியில் வெளியே தெரியாத பகுதி ஒன்று உண்டு. மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் வீடு, அவள் வெளி மாநிலத்துக்குப் போட்டிக்குச் செல்ல எளிதில் சம்மதிப்பதில்லை. பெண்கள் அணியுடன் பெண் அலுவலர் ஒருவர் செல்வது வழக்கமானதால், ‘மேடம் கூட வர்றாங்க’ என்ற ஒரு சொல்லே பல வீடுகளில் அனுமதிச் சீட்டு. மாதவிடாய் நாள்களில் பயிற்சியைக் குறைப்பது, உடல்வலியைத் தயங்காமல் சொல்ல வைப்பது ஆகியவையும் அந்த நம்பிக்கையைச் சார்ந்தவை. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், விளையாட்டு நிறுவனங்களையும் அரங்குகளையும் போட்டி நடக்கும் இடங்களையும் பணியிடம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. சட்டம் பாதுகாப்புக்கு வழி செய்கிறது. அச்சட்டத்தை அறிந்து முறையீட்டைக் காதுகொடுத்துக் கேட்பவர் அணியுடன் இருந்தால்தான் அது பயன் தரும்.

ஒப்பீடு

இரு நாடுகளின் வரலாற்றையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. அமெரிக்காவில் பணம் வந்தது, பணியிடங்கள் பெருகின, ஆனால் தலைமை இடத்தில் பெண்களின் பங்கு சுருங்கியது. தமிழ்நாட்டின் மகளிர் கல்லூரிகளில் பணியிடம் பெருகவில்லை. இருக்கும் ஓரிடத்தில் பெண் இருக்கிறார், ஆனால் அவருக்குக் கீழே படிக்கட்டு இல்லை. பேக்கஸிடம் என்க்விஸ்டும், என்க்விஸ்டிடம் இனோயே-பெரஸும் கற்றதுபோல் ஒரு கல்லூரியின் ஆட்ட அறிவு தலைமுறை தாண்டிப் போக, உதவிப் பயிற்சியாளர் என்ற இடம் தேவை. அது இல்லாத கல்லூரியில் இயக்குநர் ஓய்வு பெறும் நாளில் அவர் சேர்த்த அறிவும் அவருடனேயே போய்விடுகிறது. அடுத்து வருபவர் வேறொரு விளையாட்டைச் சேர்ந்தவராக இருந்தால் மென்பந்துக் கையுறைகள் அலமாரியில் தங்கிவிடும்.

மாற்றுக்கு எடுத்துக்காட்டு ஆசியாவிலேயே உண்டு. ஜப்பான் மகளிர் அணி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளியும் 2004இல் வெண்கலமும் வென்றபோது அதன் தலைமைப் பயிற்சியாளர் தாயேகோ உட்சுகி என்ற பெண்மணி. அவரிடம் பயின்ற ரெய்கா உட்சுகி, முன்னாள் வீராங்கனை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவை வென்று தங்கம் பெற்ற அணியின் தலைமைப் பயிற்சியாளர். ஆடியவரே கற்பிக்கும் தொடர்ச்சி அறுபடாமல் இருந்ததன் பலன் அது. 2024 பாரிஸில் இடம்பெறாத மென்பந்து, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மீண்டும் இடம்பெறுகிறது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அந்தத் தொடர்ச்சிக்கான விதை ஆட்ட விதியிலேயே இருக்கிறது. தளங்களின் அருகே நிற்பவர் பயிற்சியாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அணியின் வீராங்கனையும் நிற்கலாம். பயிற்சியாளர் ஒருவரே உள்ள அணியில் அவர் மூன்றாம் தளத்தருகே நிற்க, முதல் தளத்தருகே மாற்று ஆட்டக்காரி ஒருத்தி நிற்கிறாள். ஓடி வருபவளுக்குக் குரல் கொடுக்கிறாள், எதிரணி கேட்சரின் கையைக் கவனிக்கிறாள், நிற்கச் சொல்வதா ஓடச் சொல்வதா என்று நொடியில் முடிவெடுக்கிறாள். சீருடையில் இருந்தும் அன்று மட்டை பிடிக்க வாய்ப்பில்லாத அந்த மாணவி, தெரிந்தோ தெரியாமலோ பயிற்சியாளரின் வேலையைத் தொடங்கிவிட்டாள். அவள் பின்னர் உடற்கல்வி படிக்கவும், பட்டயம் பெறவும், ஊதியத்துடன் அந்தக் கட்டத்துக்குத் திரும்பி வரவும் வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தே கல்லூரி மகளிர் மென்பந்தின் அடுத்த தலைமுறை அமையும்.